வெளிநடப்பு

வைமோவானா மைக்கைக் கையில் எடுத்ததுதான் தாமதம், முன்வரிசையில் இருந்த லிசியாதே எழுந்தார். தலையைக் குனிந்தபடி ஓரமாக நடந்து, கதவைத் திறந்து வெளியே போய்விட்டார்.

மேடை ஓரத்தில் இருந்த தேகுராவுக்குச் சுருக்கென்றது. ரரோதொங்காவில் நடக்கும் பசிபிக் தீவுகளின் கணினி மாநாட்டுக்கு இந்த வருடம் அவள்தான் பொறுப்பு. தன் ஊருக்கு வந்த விருந்தாளிக்குத் தன் கண்ணெதிரே இப்படி ஒரு அவமானமா?

இரண்டு பேரும் தொங்கா நாட்டிலிருந்து ஒரே விமானத்தில் வந்தவர்கள். மாலை போட்டு வரவேற்கப் போனபோதே தேகுரா கவனித்திருந்தாள். வைமோவானாவின் பெட்டியை லிசியாதேதான் காரில் தூக்கி வைத்தார். வைத்தவர் அந்தக் காரில் ஏறாமல், கொட்டுகிற மழையில் சாமான் லாரியின் பின்னால் ஏறிக்கொண்டார். நேற்று தேநீர் மேசைக்கு வைமோவானா வந்ததும், குடித்துக்கொண்டிருந்த கோப்பையோடு எழுந்து போனார்.

இணையக் கம்பெனியில் பெரிய பதவி என்றால் மனுஷனுக்கு இவ்வளவு திமிரா என்று தேகுராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மேடையில் வைமோவானா வெளுத்து வாங்கிக்கொண்டிருந்தாள். இணையத்தில் காதலிப்பதாகச் சொல்லிப் பணம் பறிக்கிறவர்களைப் பற்றிய பேச்சு. ஏமாந்தவர்களுக்கு வந்த காதல் கடிதங்களை ஏற்ற இறக்கத்தோடு வாசித்தாள்.

"'என் தேங்காய்ப்பாலே, உன் உதட்டை நெனச்சு எனக்குத் தூக்கமே இல்ல. விமான டிக்கெட்டுக்கு மட்டும் கொஞ்சம் அனுப்பி வை.' இதை நம்பி எங்க ஊர்ல ஒருத்தர் வளத்த பன்னியையெல்லாம் வித்து அனுப்பினாரு. இப்ப பொண்ணும் வரல, பன்னியும் இல்ல."

அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

சிறந்த பேச்சு எது என்று பிரதிநிதிகள் கை தூக்கிச் சொல்வார்கள். வெல்லும் பேச்சை எல்லாத் தீவுகளின் பள்ளிக்கும் தேவாலயத்துக்கும் மாநாடே செலவு செய்து அனுப்பி வைக்கும். அதற்காகத்தான் வைமோவானா இரண்டு வருடமாக அலைந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் போட்டி, கடலடிக் கம்பிகளைப் பற்றிப் பேசிய சமோவாக்காரர் ஒருவர்தான்.

பேசியவர்களுக்கு ஓட்டு இல்லை. ஆனால் லிசியாதேவுக்கு உண்டு. அதை நினைத்ததும் தேகுரா எழுந்து வெளியே வந்தாள்.

அவர் வாசலுக்கு வெகுதூரம் தள்ளி, பலாமரத்தடியில் கோழிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"என்னங்க, பேச்சு பிடிக்கலையா?"

"நான் உள்ள இருந்தா அந்தப் பொண்ணுக்கு வாயே வராது" என்றார் லிசியாதே.

அடேயப்பா, இவரைக் கண்டால் அவள் நடுங்குவாளாமே. தேகுரா பொங்கிய கோபத்தை விழுங்கிக்கொண்டு, குரலில் தேனைக் குழைத்தாள்.

"அதுக்காக இங்க கோழியை எண்ணிக்கிட்டா நிப்பீங்க? எங்க வீட்டுக்காரரு படகோட கரையில சும்மாதான் உக்காந்திருக்காரு. ஒரு சுத்து போயிட்டு வாங்க. அப்ப புடிச்ச மீனைத் தேங்காய்ப்பால்ல போட்டுத் தருவாரு."

"ஓட்டெடுப்பு இருக்கே."

"அதெல்லாம் சாயங்காலம்தான்" என்று கூசாமல் புளுகினாள் தேகுரா.

மீன் என்றதும் மனிதர் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கரைப்பக்கம் நடந்ததும் கணவருக்குப் போன் போட்டாள்.

"ஒரு விருந்தாளி வர்றாரு. அந்தக் குட்டித் தீவு வரைக்கும் கூட்டிட்டுப் போங்க. மெதுவா ஓட்டுங்க, ஒண்ணும் அவசரம் இல்ல."

"நம்ம படகு மெதுவாத்தான் போகும். எஞ்சின் அப்படி" என்றார் கணவர்.

உள்ளே கைதட்டல் ஓய்ந்ததும் தேகுரா மேடை ஏறினாள். எல்லாரும் இருக்கும்போதே ஓட்டெடுப்பை முடித்துவிடலாம் என்று அறிவித்தாள். யாரும் மறுக்கவில்லை. கைகள் உயர்ந்தன. இரண்டு பேர் எண்ணினார்கள். நம்பாமல் தேகுராவும் எண்ணினாள்.

வைமோவானாவுக்கும் சமோவாக்காரருக்கும் சரிசமமான ஓட்டு.

தேநீர் குடித்துவிட்டு வந்து மறுபடி கை தூக்குவது என்று முடிவானது. அப்போதும் சமமாக வந்தால் இந்த வருடம் எந்தப் பேச்சும் எங்கேயும் போகாது. அதுதான் விதி. இரண்டு பக்கத்துக்காரர்களும் மாறுகிற முகமாகத் தெரியவில்லை. எங்கிருந்தாவது ஒரு கை, ஒரே ஒரு கை கூடினால் போதும்.

ஒரு கை கூடாவிட்டாலும், எதிரியின் கை ஒன்று குறைந்ததே. அந்த மனிதர் மட்டும் உள்ளே இருந்திருந்தால் இந்நேரம் கதை முடிந்திருக்கும். தேகுரா தன் கெட்டிக்காரத்தனத்தைத் தானே மெச்சிக்கொண்டாள்.

ஜன்னல் வழியே பார்த்தாள். கணவரின் படகு குட்டித் தீவை நோக்கி ஆடி அசைந்து போய்க்கொண்டிருந்தது. நிம்மதியாக வைமோவானாவிடம் போய் அவள் தோளில் கை போட்டாள்.

"கவலைப்படாத. எப்படியும் உன் பேச்சுதான் ஜெயிக்கும்."

"எனக்கென்னக்கா கவலை, அந்த ஒரு ஓட்டுதான் வெளியவே நிக்குதே" என்று சிரித்தாள் வைமோவானா. கழுத்தை நீட்டி வாசல் பக்கம் யாரையோ தேடினாள்.

"எங்க ஊர்ல ஆம்பள கூடப்பொறந்தவளோட ஒரே கார்லயோ மேசையிலயோ உக்கார மாட்டான், காதல் பேச்சு வந்தா எழுந்து போயிடுவான், அதுதான் மரியாதை. காதல் கடிதமெல்லாம் வாசிச்சு முடிச்சாச்சு, எங்க அண்ணனை உள்ள கூப்பிடுங்க."