பலாவில் சாய்ந்த பாறை

புயல் மழை மூன்றாம் நாளாக விடவில்லை. தேயிலைச் சரிவில் பாறையின் காலடி மண் கரைந்துகொண்டிருந்தது.

"பலா, என்னைக் கொஞ்ச நேரம் தாங்கிக்கொள்வாயா?" என்று கீழே நின்ற மரத்திடம் கேட்டது பாறை. "கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள். கொழுந்து பறிக்க வந்தால் என் மேல் உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள்."

"சாய்ந்துகொள். எனக்கும் வேரின் பிடி விட்டுப்போகிறது. முடிந்தவரை பார்க்கிறேன்," என்றது பலா.

வேர்கள் படபடவென்று அறுபடும் சத்தம் கேட்டு, கடைசி வீட்டுக் கோகிலம் வெளியே வந்து அண்ணாந்து பார்த்தாள். "மலை இறங்குது, எல்லாரும் கிளம்புங்க," என்று கதவு கதவாகத் தட்டினாள்.

கடைசி ஆளும் ஓடைப் பாலத்தைத் தாண்டியதைப் பார்த்துவிட்டு, "போதும் பலா," என்றது பாறை. பலாவின் கடைசி வேரும் அறுந்தது. இரண்டும் சேர்ந்தே இறங்கின.

மழை விட்டதும் கோகிலம் திரும்பி வந்தாள். அவள் வீடு இருந்த இடத்தில் பாறை கிடந்தது.

"பாழாப்போன கல்லே, உனக்கு என் வீடுதானா கிடைச்சுது?" என்று அதைக் கையால் அடித்து அழுதாள். பிறகு, சேற்றிலிருந்து எடுத்த மகளின் பாவாடையை அலசி அதன் மேலேயே காயப்போட்டாள்.

பாறை வெயிலை வாங்கி வாங்கி, பாவாடைக்கு அடியில் சூடாகிக்கொண்டிருந்தது.