ஐஸ் பெட்டி வரைக்கும்

"உன் மீன நீயே வெச்சிக்கோ!" என்று சொல்லிவிட்டு, முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினாள் ஆதியம்மாள்.

இனி ஜெமா கூப்பிட வேண்டும். அவ்வளவுதான் பரீட்சை.

மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்தில், மீன் ஏலம் போடும் கொட்டகையில் இரண்டு மாதமாக நடந்த வகுப்பு. ஒடிசாவிலிருந்து செங்கல் சூளையில் கல் அறுக்க வந்த தாய்மார்களுக்கு மீன் வியாபாரம் கற்றுக்கொடுக்க, ஒரு தொண்டு நிறுவனம் மீன்காரி ஆதியம்மாளைப் பிடித்து வந்து உட்கார வைத்திருந்தது. பிடித்து வந்தவர்களுக்கே அவள் வாயைக் கண்டால் நடுக்கம்.

செவுளைத் தூக்கிக் காட்டுவது, செதிள் சீவுவது, 'காலைல வந்த மீனு, கண்ணப் பாரு' என்று கூவுவது எல்லாம் அந்தத் தாய்மார்களில் ஒருத்தியான ஜெமாவுக்கு வந்துவிட்டது. கடைசிப் பாடம்தான் பெரிய பாடம்.

பாதி விலைக்குக் கேட்டுவிட்டு வெடுக்கென்று கிளம்புகிறவளை, கொட்டகை ஓரத்து ஐஸ் பெட்டியைத் தாண்டுவதற்குள் கூப்பிட்டுவிட வேண்டும். தாண்டினால் அவள் அடுத்த கடைக்காரிக்குச் சொந்தம்.

விற்றுவிட்டால், பஸ் ஸ்டாண்டு பக்கம் புதிதாகப் போட்டிருக்கும் மீன் கடையில் ஜெமாவுக்கு இடம். இல்லையென்றால், சூளை மூடியதும் மேஸ்திரி எல்லாரையும் ரயிலேற்றி விடுவார். இப்போதுதான் தமிழில் தன் பெயரை எழுதப் பழகியிருக்கும் மகள் லிப்சாவின் பள்ளிக்கூடமும் அதோடு சரி.

ஆதியம்மாளின் கால் முன்னால் போனது. காது பின்னாலேயே நின்றது.

கூப்பிடுடி, என் கண்ணு.

சத்தமே இல்லை.

செருப்பில் மண் புகுந்ததுபோல் நின்று காலை உதறினாள். மண்ணும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வலை பிரித்துக்கொண்டிருந்த ஆராயியிடம், "மழ வர்ற மாதிரி கீதே" என்றாள். வானம் பளிச்சென்று இருந்தது. ஆராயி அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

அப்போதும் சத்தமில்லை. கை நீட்டினால் ஐஸ் பெட்டி.

பொறுக்கமாட்டாமல் திரும்பிவிட்டாள்.

ஜெமா இடத்தை விட்டு அசையவில்லை. முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டு, இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சிரிப்பை அடக்குகிறாளா? என்னைப் பார்த்தா?

ஆதியம்மாளுக்குச் சுர்ரென்று ஏறியது. இத்தனை வருஷத்தில் அவளை இப்படிப் போகவிட்ட ஒருத்தி பிறக்கவில்லை. ஏறின வேகத்திலேயே இறங்கியும் விட்டது. அடி கெட்டிக்காரி! கூப்பிட்டால் பிகு பண்ணிக்கொண்டு போகிறவள், கூப்பிடாவிட்டால் தானாக வருவாள் என்று கண்டுபிடித்திருக்கிறாளே! தனக்கே தெரியாத பாடம் அல்லவா இது!

திரும்பிப் போனாள். ஜெமா சொன்ன விலையையே கொடுத்து அந்தக் கொடுவா மீனை வாங்கினாள்.

அது விடியற்காலையில் அவள் புருஷன் சடையன் படகில் வந்த மீன். பரீட்சைக்கென்று அவளே எடுத்துக் கொடுத்தது. சொந்த மீனைச் சொந்தக் காசில் வாங்கிய முதல் மீன்காரி ஆதியம்மாள்தான் என்று ஆராயி கத்த, கொட்டகையே கொல்லென்று சிரித்தது. ஆதியம்மாளும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"பாஸுடி நீ!" என்று அவள் போட்ட சத்தம் கரையெல்லாம் கேட்டது. ஜெமா அழுதுவிட்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் மீன் பையை அங்கேயே வைத்துவிட்டு ஆதியம்மாள் வீட்டுக்குக் கிளம்பினாள்.

ஐஸ் பெட்டியைத் தாண்டிக் கொஞ்ச தூரம் போயிருப்பாள். பின்னால் மணலில் தடதடவென்று யாரோ ஓடி வந்தார்கள். ஓடி வந்த ஆள் அவளைச் சுற்றிக்கொண்டு முன்னால் போய், மூச்சு வாங்க நின்றது. ஜெமா. கையில் பை.

"ஏண்டி இப்டி ஓடியார? அங்கேர்ந்தே ஒரு கொரல் குடுத்தா நிக்கப்போறேன்!"

ஜெமா தலையை ஆட்டினாள். "கெளம்பிப் போறவங்கள பின்னாலேர்ந்து கூப்ட்டா அவங்களுக்கு ஆவாது அக்கா. எங்க ஊர்ல அப்டி. பரீட்சையப்பவும் கூப்புட வாய் வரைக்கும் வந்துச்சி. உனுக்கு எதுனா ஆயிட்டா? அதான் பொத்திகினேன்."

அவள் முந்தானையின் ஓரம் கடித்த கடியில் இன்னும் கசங்கியிருந்தது.

ஆதியம்மாள் பையை வாங்கிக்கொண்டு, ஜெமாவின் கன்னத்தைத் தடவி, ராத்திரி லிப்சாவைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வரச் சொல்லி ஒரு மாதிரியாகச் சைகை காட்டினாள்.

சடையன் கடலுக்குக் கிளம்பும்போது சாப்பாட்டுத் தூக்கை மறந்துவிட்டுப் போவான். அப்போதெல்லாம் ஆதியம்மாளும் இப்படித்தான், ஒரு சத்தம் போடாமல், ஓடிப்போய் அவன் முன்னால் நிற்பாள்.