சாயங்காலம் திறக்கும் கதவு

எதிர்வீட்டு வாத்தியாரின் கார் கதவு சாயங்காலமானால் தானாகத் திறக்கிறதாம். விசாரிக்க அரசாங்க அதிகாரியே வந்துவிட்டார். ரிட்டையரானபின் எனக்கு இப்படியொரு கொண்டாட்டம் வாய்த்ததில்லை.

"அது திறக்கிற வேகத்துல எங்க வீட்டு ஜன்னலே ஆடுது சார்!" என்று எடுத்துக் கொடுத்தேன்.

"ஆபத்துன்னா வண்டியக் கொண்டு போயிடுவோம்," என்றார் அதிகாரி.

"கொண்டு போங்க, பீடை ஒழியட்டும்," என்றார் வாத்தியார்.

"வேணாம் தம்பி! அது யாரைக் கடிச்சுது?" என்று வாசற்படியிலிருந்தே கத்தினார் அவர் மனைவி.

அதிகாரி காரைக் குடைந்து பார்த்தார். "கோளாறே இல்லீங்க. சாவி பக்கத்துல வந்தா தானா திறக்கிற கதவு இது."

"சாவி என் பீரோவுல இருக்கே!" என்றார் வாத்தியார்.

"ரெண்டு குடுத்திருப்பாங்களே?"

வாத்தியாரின் குரல் இறங்கியது. "இன்னொண்ணு பையனோடது. அவன் போனப்போ ஆஸ்பத்திரியில சட்டையோட சேத்துக் குடுத்தாங்க..."

மனைவி உள்ளே போய், கைக்குள் எதையோ மூடிக்கொண்டு வந்தார். அவர் நெருங்கியதும் டிரைவர் பக்கக் கதவு மெல்லத் திறந்தது.

"அவன் ஆபீஸ் விட்டு வர்ற நேரத்துல இப்படி வந்து நிப்பேங்க. அவனே இறங்கற மாதிரி இருக்கும்."

"ஜன்னல் காத்துல ஆடியிருக்கும் சார்," என்றேன் அதிகாரியிடம்.

"வண்டி இங்கயே இருக்கட்டும் சார்," என்ற வாத்தியார், மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு என்னையும் கூப்பிடும்மா."