முந்நூறு வெள்ளி திரும்ப வரும்

“எல்லாம் திருட்டுப் பசங்க!” என்று அந்தப் பெரியவர் மேசையைத் தட்டிய தட்டில், அடுக்கி வைத்திருந்த விண்ணப்பத் தாள்கள் கீழே சரிந்தன. கோலசிலாங்கூர் பேரங்காடி வாசலில், முந்நூறு வெள்ளி திரும்ப வரும் என்று எழுதி வைத்து, கிரெடிட் கார்டுக்கு ஆள் பிடிக்கும் மேசை அது.

உடையப்பன் நின்றுவிட்டான். ராத்திரி முழுக்கத் தொழிற்சாலை கேட்டில் காவல் நின்றுவிட்டு, இரண்டு மணி நேரம் கண்ணயர்ந்து எழுந்து வந்தவன். கால் இரண்டும் ஈயக் குண்டாய்க் கனத்தன.

வந்தது ஐஸ் பெட்டி பார்க்க. வீட்டில் இருந்தது செத்து ஒரு வாரம் ஆகிறது. பெண்சாதி நல்லம்மாளின் இன்சுலின் மருந்து பக்கத்து வீட்டுக்காரியின் பெட்டியில், மீனுக்கும் கறிக்கும் நடுவே கிடக்கிறது. புதுப் பெட்டி ஆயிரத்து நூறு வெள்ளி. கையில் தேறியது எண்ணூறுதான்.

மேசைக்குப் பின்னால் இருந்த பெண்ணின் சட்டையில் ‘தனேஸ்வரி’ என்று பெயர் குத்தியிருந்தது. “கோவிச்சுக்காதீங்கய்யா. கேளுங்க, சொல்றேன்” என்றவள் பெரியவருக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “இந்தாங்க, சீனி போடாத தேத்தண்ணி. குடிங்க.”

பாவம், இவருக்கும் நல்லம்மாள் மாதிரி இனிப்புநீர் போல, என்று உடையப்பன் நினைத்துக்கொண்டான்.

“முந்நூறு வெள்ளிய சும்மா குடுக்க பேங்குக்காரன் எனக்கு மாமனா, மச்சானா?” என்றார் பெரியவர்.

“சும்மா இல்லய்யா. மொத அறுவது நாளுக்குள்ள ஆயிரம் வெள்ளிக்குச் சாமான் வாங்கணும். அப்பத்தான் முந்நூறு பில்லுல கழியும்.”

“வருசக் கட்டணம்?”

“கெடையாது. ஆனா அரசாங்க வரி இருவத்தஞ்சு வெள்ளி உண்டு. பொய் சொல்ல மாட்டேன்.”

“பாத்தீங்களா! புடிச்சி இழுத்தாத்தான் வாயிலேர்ந்து வருது.” பெரியவர் திரும்பிப் பார்த்தார். ஏழெட்டுப் பேர் தள்ளுவண்டியோடு நின்றுவிட்டிருந்தார்கள். “வட்டி எவ்ளோ? அதச் சொல்லு.”

“பாக்கி வெச்சா நூத்துக்குப் பதினெட்டு. முழுசா கட்டிட்டா ஒரு சென் வட்டி இல்ல.”

“சரி. சாமானும் வாங்கறேன், முந்நூறயும் வாங்கறேன், முழுசா கட்டிட்டு கார்ட வெட்டிக் குப்பையில போட்டுட்டா?”

தனேஸ்வரி சிரித்துவிட்டாள். “ஒரு வருசம் வெச்சிருந்துட்டு வெட்டுங்கய்யா. அதுக்கு முன்னாடின்னா முந்நூற திருப்பிக் கேப்பாங்க.”

மூன்று வருசத்துக்கு முன்னால் டை கட்டிய ஒருவன் உடையப்பன் வீட்டுக்கு வந்து, தண்ணீர் வடிகட்டி இலவசம் என்று கையெழுத்து வாங்கிப் போனான். அந்த இலவசத்துக்கு மாசம் தொண்ணூறு வெள்ளி கட்டிக் கட்டி முதுகு ஒடிந்தது. அதிலிருந்து எவன் நீட்டும் தாளிலும் பேனா வைப்பதில்லை என்று இருந்தான். அன்றைக்கு இப்படிக் குடைந்து கேட்கும் ஒரு ஆள் பக்கத்தில் இருந்திருந்தால்!

பெரியவர் பார்வை அவன் மேல் விழுந்தது. “தம்பி, நீ எந்தத் தோட்டம்?”

“கம்பிப்பாலத் தோட்டங்க. இப்ப டவுன்ல தாமான் வீட்டுல குடியிருக்கோம்.”

“அட, நம்ம பக்கத்துத் தோட்டந்தான்! நாப்பது வருசம் ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவன்டா நான். வேல வாங்குற மண்டோர் ஏய்ச்சான், கணக்கு எழுதுற கிராணி ஏய்ச்சான். இந்தப் புள்ளகிட்டயும் ஏமாறணுமா, நீயே சொல்லு.”

தோட்டத்து ஆள் என்றதும் உடையப்பனுக்குள் ஏதோ ஒரு முடிச்சு கழன்றது. தோட்டத்தில் பிறந்தவன் தோட்டத்துக்காரனுக்குக் குழி பறிக்க மாட்டான். அவன் அப்பா சாகும்வரை அப்படித்தான் நம்பினார், அவனும் அப்படித்தான். “இந்தப் புள்ள சொல்றது சரியாத்தான் படுதுங்க” என்றான்.

பெரியவர் வெகுநேரம் தாடையைத் தடவினார். பிறகு தோற்றுப்போனவர் மாதிரி பெருமூச்சு விட்டார். “குடு பேனாவ.”

அவர் கையெழுத்துப் போட்டதும் நாலு கைகள் பேனாவுக்கு நீண்டன. “இந்தக் கெழவரே ஒத்துக்கிட்டாரு, அப்புறம் என்னலா” என்றான் ஒருவன்.

உடையப்பன் மூன்றாவது ஆள். அடையாள அட்டையைக் கொடுத்தான். கைப்பேசியில் இருந்த சம்பளச் சீட்டை அனுப்பினான். மூன்று வருசம் கழித்துப் போட்ட கையெழுத்து கோணலாய் விழுந்தது. விழட்டும், முந்நூறு கழிந்தால் பெட்டிக்குக் கையில் உள்ள எண்ணூறு போதும்; நல்லம்மாளின் மருந்து இனி மீன் நாற்றத்தில் கிடக்காது.

உள்ளே போய் ஐஸ் பெட்டியைத் திறந்து மூடிப் பார்த்துவிட்டு வந்தபோது வாசலில் மேசையைக் காணோம். வெளியே தூறிக்கொண்டிருந்தது. பெரியவர் பஸ்ஸுக்கு நனைந்துகொண்டு நிற்பாரே, மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போய் இறக்கிவிட்டு ஒரு நன்றியும் சொல்லலாம் என்று தேடினான்.

கார்கள் நிற்கும் இடத்தின் கடைசியில், ஒரு பழைய காரின் முன் இருக்கையில் பெரியவர் கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். தனேஸ்வரி மடக்கிய மேசையைப் பின்னால் திணித்துக்கொண்டிருந்தாள். சிரிப்பெல்லாம் போய் முகத்தில் அசதி மட்டும் மிஞ்சியிருந்தது.

உடையப்பன் கூப்பிட வாயெடுப்பதற்குள் அவள் குரல் கேட்டது.

“நாளைக்கு ரவாங் பேரங்காடியில இவ்ளோ நேரம் சண்ட போடாதீங்கப்பா, சீக்கிரமே கையெழுத்துப் போட்டுடுங்க.”