இடது இண்டிகேட்டர்

காரின் இடது இண்டிகேட்டரைப் போட்டால் பேய் பிடித்ததுபோலப் படபடவென்று அடித்துக்கொண்டது. வலது பக்கம் மட்டும் நிதானமாகச் சிமிட்டியது.

"சிமிட்ட வைக்கிற ரிலே போயிருக்கும். மாத்திட்டா போதும்," என்றார் கணவர், மெக்கானிக் வாய் திறக்கும் முன்பே.

மனைவிக்குப் பொறி தட்டியது. பெட்ரோல் மூடியைத் திறக்கவே தடுமாறும் மனுஷனுக்கு ரிலே எப்படித் தெரிந்தது?

"ரிலே போனா ரெண்டு பக்கமுமில்ல இப்படி அடிக்கணும்? தம்பி, பின்னாடி லைட்டைக் கழட்டுங்க."

"அதெல்லாம் எதுக்கும்மா?" கணவருக்கு நெற்றி வேர்த்தது.

மெக்கானிக் கழற்றிப் பார்த்தான்.

"லைட்டே புதுசு சார். யாரோ வாட் கம்மியான பல்பைப் போட்டிருக்காங்க. அதான் இந்தப் படபடப்பு."

அவள் இடுப்பில் கை வைத்தாள். "எங்க இடிச்சீங்க?"

"நம்ம கேட்டுலதான்... ரிவர்ஸ் எடுக்கறப்ப. நீ திட்டுவியேன்னு வேற கடையில மாத்திட்டேன்."

"குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும்னு சும்மாவா சொன்னாங்க? பதினெட்டு வருஷமா கூட இருக்கறவகிட்டயே மறைப்பீங்களா?"

கணவர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு டீ வாங்கி வர நழுவினார்.

அவர் தெருமுனை திரும்பும்வரை காத்திருந்த மெக்கானிக், குரலைத் தாழ்த்தினான்.

"கண்ட கடையில கொடுத்தா இப்படித்தான்க்கா மாட்டிக்கணும். போன மாசம் நீங்க அதே கேட்டுல இடிச்சிட்டு வந்தப்ப, வலது பக்கம் நான் மாத்திக் கொடுத்தேனே, அது எவ்வளவு நிதானமா அடிக்குது பாருங்க!"