சுவரைப் பார்த்து மூன்று ஸ்டூல்கள்

சம்பவம் நடந்தபோது கடையில் இருந்தவர்கள் இவர்கள்தான்: பிரியாணிக் கடை நைனா முகமது, தோல் வியாபாரி அஸ்பாக், நிலக்கோட்டைப் பூ வியாபாரி கண்ணுசாமி, கடைக்காரன் பிரபு. பிறகு வந்து உட்கார்ந்த, பர்தா அணிந்த மூன்று பெண்கள். வேறு யாரும் இல்லை. தாங்களும் இருந்ததாகச் சொல்பவர்கள் பேச்சில் வந்து சேர்ந்துகொண்டவர்கள்.

"ஏலே பிரபு, பாலிதீன் கவரை உரிக்காமயே குடுத்துட்டியே!" கண்ணுசாமி கையிலிருந்த சுருளை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அது கவரு இல்லங்கய்யா, அரிசி மாவு அப்பளம். உள்ள கோழியும் புதினாவும் இருக்கு. அப்படியே கடிங்க." வியட்நாமில் சில வருடங்கள் சமையல் வேலை பார்த்துவிட்டு வந்து, வத்தலக்குண்டு ரோட்டில் தகரக் கூரை போட்டு இந்தக் கடையைத் திறந்திருந்தான் பிரபு.

நைனா முகமதுவுக்குக் கண்ணில் நீர் வருகிற அளவுக்குச் சிரிப்பு. சிரித்துக்கொண்டே ரோட்டை ஒரு பார்வை பார்த்துக்கொண்டார்.

காரணம் இருந்தது. போன வெள்ளிக்கிழமைதான், மருமகள் ஃபர்ஹீன் பானிபூரி வண்டியருகே நின்றாள் என்பதற்காக வீட்டையே கூட்டிவைத்துப் பேசியிருந்தார். "மூணு தலைமுறையா ஊருக்கே சோறு போடுற வீடு இது. நம்ம வீட்டு ஆளுக ரோட்டுல நின்னு தின்னாங்கன்னு ஒரு பேச்சு வரக் கூடாது." இன்று யாராவது பார்த்துவிட்டால், இனி அந்த வீட்டில் அவர் பேச்சு எடுபடாது.

"கறி எங்க வாங்குன?" என்றார் கண்டிப்பாக.

"உங்க கடைக்கு வெட்டுற அதே பாய்கிட்டதாங்க."

ஆவி பறக்கக் கோழிச் சூப்பு வந்தது. உள்ளே வெள்ளை வெளேரென்று நூடுல்ஸ். நைனா முகமது குனிந்து முகர்ந்தார்; நிமிர்ந்தபோது முகம் பூரித்திருந்தது.

"பட்டை, அன்னாசிப்பூ... டேய், இது நம்ம தாளிப்புடா! பிரியாணியில சோத்தை எடுத்துட்டுத் தண்ணிய ஊத்திருக்கான்!"

கண்ணுசாமி குச்சியால் ஒரு நூடுல்ஸைத் தூக்கினார். அது முடிகிற வழியாக இல்லை. எழுந்து நின்று, பூச்சரத்தை அளக்கிற மாதிரி முழங்கையில் வைத்து அளந்தார். "ஒண்ணரை முழம்! இம்புட்டுத் தாராளமா நான் அளந்து குடுத்தா என் வியாபாரம் என்னத்துக்கு ஆகும்?"

அஸ்பாக்குக்குப் புரையேறிவிட்டது. அவர் தலையில் தட்டப்போன நைனா முகமதுவின் சட்டையில் சூப்பு சிந்தியது. எல்லோருக்கும் எட்டு வயது ஆனது போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் அந்த மூன்று பெண்கள் உள்ளே வந்தார்கள். ஓரக்கண்ணில் பர்தாவின் கறுப்புத் தெரிந்ததுமே நைனா முகமது ஸ்டூலைத் திருப்பிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார். பிறத்தியார் வீட்டுப் பெண்கள் சாப்பிடும்போது ஏறிட்டுப் பார்ப்பது அவர் குடும்பத்தில் கிடையாது.

"திரும்புங்கடா" என்று பல்லைக் கடித்தார். மற்ற இருவரும் திரும்பினார்கள். வாத்தியார் தண்டித்த பிள்ளைகள் மாதிரி மூன்று பேர், மூன்று கிண்ணம், ஒரு செங்கல் சுவர்.

பின்னால் குபீரென்று சிரிப்பு கிளம்பியது. அடக்கினார்கள், மறுபடி பீறிட்டது.

"யாரு வீட்டுப் பிள்ளைகளோ, சிரிப்பைப் பாரு" என்று முணுமுணுத்தார் நைனா முகமது. "வீட்டுல பெரியவங்க கண்டிக்க வேணாமா?" இப்படி ஒரு சிரிப்பு அவர் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. அதில் அவருக்குப் பெருமைதான்.

பிரபு ஆயக்குடிக் கொய்யாவைக் கீறி, மிளகாய் உப்புத் தூவிக் கொண்டுவந்தான். "அங்கயும் இதே மாதிரிதாங்க தின்பாங்க" என்றவன், தலையைச் சொறிந்தான். "அந்த டேபிள்ல தட்டோரமா ஒரு சிட்டிகை உப்பு கேக்குறாங்க. சூப்புல உப்பு பத்தலையோ?"

நைனா முகமதுவின் முதுகு நிமிர்ந்தது. "சூப்புக்கு இல்ல அப்பு. சாப்பிட உக்காந்ததும் மொதல்ல உப்பைத் தொட்டு நாக்குல வைக்கணும். எங்க வீட்டுலயும் அப்படித்தான். பரவாயில்ல, நல்ல வீட்டுப் பிள்ளைகதான்."

அப்புறம் சுட்ட அப்பளம் வந்தது. முட்டை நுரை மிதக்கும் காப்பி வந்தது. மூன்று பேர் மூக்கிலும் நுரை. பின்னால் அந்தப் பெண்கள் எழுந்து, வாயைப் பொத்திச் சிரித்துக்கொண்டே போகும்வரை நைனா முகமது சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மறுநாள் காலை, மனைவி ரம்ஜான் பீவியின் தம்பி மன்சூர் வாசலிலேயே ஆரம்பித்துவிட்டான்.

"என்ன மச்சான், ஊரெல்லாம் ஒங்க பேச்சுதான்! வத்தலக்குண்டு ரோட்டுக் கடையில, சுவத்தைப் பாத்து நின்னுக்கிட்டு, கண்ணுசாமியோட போட்டி போட்டு நூடுல்ஸ் உறிஞ்சினீங்களாமே?"

டீத் தட்டோடு வந்த ஃபர்ஹீன் அப்படியே நின்றாள். நைனா முகமது கையிலிருந்த செய்தித்தாள் அவர் முகத்துக்கு நேராக மெல்ல உயர்ந்தது.

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்த ரம்ஜான் பீவி தலையைத் தூக்கவில்லை. "எவனோ புளுகியிருக்கான்" என்றார், வெட்டு ஒன்று துண்டு இரண்டாக.

செய்தித்தாளுக்குப் பின்னால் பெருமூச்சு ஒன்று கேட்டது.

"நம்ம வீட்டு ஆளுக என்னைக்குடா நின்னுக்கிட்டுத் தின்னாங்க? ஒம் மச்சான் எனக்கு முதுகைக் காட்டி உக்காந்துதான் சாப்பிட்டாரு."