மாமன் தைத்த கவுன்

"இன்னாடி இது? ஆம்பளப் புள்ள கையில ஊசியக் குடுத்து வெச்சிருக்கே?"

ஒடுகத்தூர் சந்தையிலிருந்து வந்த வடிவேலு, செருப்பைக்கூடக் கழற்றாமல் கேட்டார்.

"லீவு வுட்டதுலேர்ந்து போனையே பாத்துகினு கெடக்கான். அதுக்கு இது தேவலைங்க" என்றாள் வசந்தி.

மகன் பூவரசன் ஐந்தாவது முடித்திருந்தான். பழைய துணியில் இலவம்பஞ்சு அடைத்துத் தைத்த பொம்மையை நீட்டினான்.

"யானை, நைனா."

வடிவேலு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"யானையா? பன்னி மாதிரி கீதேடா."

"தும்பிக்கைக்குத் துணி பத்தல நைனா."

"சரிதான். அடுத்து இன்னா, பூக் கட்டப் போறியா?"

அவர் முகம் கழுவப் போனபிறகுதான் வசந்திக்கு மூச்சு வந்தது.

பொம்மை விளையாட்டாக வந்ததல்ல. முதலில் துணிப்பந்து, அதில் ஓட்டுத் தையல் பழகினான். அடுத்து கோலிகுண்டு போட்டுக்கொள்ள ஒரு சுருக்குப் பை. அதில் ஓரம் மடிக்கவும் நாடா கோர்க்கவும் வந்தது. யானை, வளைத்துத் தைப்பதற்காக. வளைவு வந்தால்தான் கவுனுக்குக் கழுத்து வரும்.

தையல் கோணினால் பிரிக்கச் சொன்னாள்.

"பந்துதானேம்மா?"

"பந்துன்னா? எறும்பு போற மாதிரி வரிசையாப் போவணும். உன் தையல் நண்டு போற மாதிரி போவுது."

"அப்ப நீயே ஒருவாட்டி தெச்சுக் காட்டேன்."

"நான் ஊசியத் தொட மாட்டேன். வாயால சொல்றேன், செய்யி."

தொட முடியாது. மூத்தவள் செவ்வந்தி, மலைமேல் நெல்லிவாசல் பையனைத் தானே பார்த்துக் கட்டிக்கொண்டு போனபோது, வடிவேலு மாரியம்மன் முன்னால் எரியும் கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார். "இந்தக் கையால அவளுக்கு ஒண்ணும் செய்ய மாட்டேன்." வசந்தியையும் அதே மாதிரி கற்பூரம் அடித்துச் சொல்ல வைத்தார்.

இப்போது செவ்வந்தியின் பெண் குழந்தைக்கு ஞாயிற்றுக்கிழமை காது குத்து.

தாய்மாமன் கொண்டுவரும் புதுத் துணியைப் போட்டு, அவன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவார்கள். தாய்மாமன் வரவில்லை என்றால், அத்தனை ஜனத்துக்கு முன்னால் செவ்வந்தி தலை குனிந்து நிற்க வேண்டும்.

அவளுக்கு உடன்பிறந்தவன் பூவரசன் ஒருவன்தான். அவன் எந்தக் கற்பூரத்தையும் அடிக்கவில்லை.

துணியும் அவனுடையதே. பொங்கலுக்கு அத்தை அவன் சட்டைக்கென்று எடுத்துக் கொடுத்த மஞ்சள் துணி.

"உனக்குச் சட்டை இல்லாமப் பூடுமேடா" என்றாள் வசந்தி.

"நான்தானேம்மா மாமன்?" என்றான் அவன்.

சனிக்கிழமை மதியம் கவுன் முடிகிற தறுவாயில் இருந்தது. பக்கத்து வீட்டு சுரேஷ், மலைக்கு ஜீப் ஓட்டுகிறவன். காலையில் பையனை ஏற்றிப் போவதாகச் சொல்லியிருந்தான். கீழ் ஓரத்தில் ஒரு சாண் தையல்தான் பாக்கி.

அப்போது வாசலில் வடிவேலு நின்றார். பொழுது சாய்ந்து வருகிறவர், அன்றைக்கு முன்னாலேயே வந்துவிட்டார்.

மறைக்க நேரமில்லை.

"இது இன்னா?"

"கவுனு, நைனா."

"யாருக்கு?"

பையன் அம்மாவைப் பார்த்தான்.

"பொம்மைக்குங்க" என்றாள் வசந்தி.

"எந்தப் பொம்மைக்கு? அந்தப் பன்னிக்கா?"

பூவரசனுக்குப் பொய் சொல்ல வரவில்லை. "அக்கா பாப்பாவுக்கு நைனா. நாளைக்குக் காது குத்து. நான்தான் முச்சூடும் தெச்சேன். அம்மா ஊசியத் தொடவே இல்ல. சாமி சத்தியமா."

வடிவேலு கவுனை வாங்கி உள்பக்கம் புரட்டிப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார். கழுத்துக்குள் கையை விட்டு விரித்துப் பார்த்தார். அவர் முகம் இறுகியது.

"அந்தக் கத்திரியக் குடு."

"ஏங்க, வாணாங்க."

"குடுடின்றேன்."

வசந்தி கொடுக்கவில்லை. அவரே குனிந்து எடுத்தார்.

"நைனா, வாணாம் நைனா!" பையன் அவர் கையைப் பிடித்துத் தொங்கினான். அவனை விலக்கிவிட்டு, கவுனைத் தரையில் விரித்து, கழுத்தில் கத்திரியை வைத்து, கீழ் ஓரம் வரைக்கும் முன்பக்கத்தை நடுவில் ஒரே நேராக வெட்டிவிட்டார்.

பையன் ஓவென்று அழுதான்.

இருபத்து மூன்று வருஷத்தில் வசந்தி புருஷனை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"நீங்கல்லாம் ஒரு மனுசனா? பச்சக் கொழந்த போட்டுக்கற துணிங்க அது. உங்க கோவத்த அதுமேலயா காட்டுவீங்க?"

வடிவேலு நிமிரவில்லை. வெட்டிய இரண்டு பக்கத்தையும் சேர்த்து வைத்து, சரியாக இருக்கிறதா என்று பார்த்தார்.

"அழுவாதடா" என்றார் மகனிடம். "தலை வழியா மாட்ற மாதிரி தெச்சிருக்கியே, காது குத்தினப்புறம் எப்படிக் கழட்டுவாங்க? புதுக் கம்மல்ல சிக்கி இழுத்தா கொழந்த தாங்குமா? ரெண்டு ஓரத்தையும் மடிச்சு, முன்னால நாடா வெச்சுத் தெய்யி. உக்காரு, நான் துணியப் புடிச்சுக்கறேன்."